கால்கள் மறுக்கும் காலை

ஓட்டப் பந்தயத்தில் முதலிடம் பெறுவது எவ்வாறு என்று எடுத்துரைக்கப் பலர் உளர். முதலிடத்தைப் பற்றிய கவலை ஆயிரத்தில் ஒருவருக்கே உரியது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் பொதுவான கவலை வேறு. விடியற்காலையில் கடிகார மணி அடிக்கிறது. வெளியே இருள் விலகவில்லை. உடல் போர்வையை விட்டு வர மறுக்கிறது. "இன்று ஒரு நாள் வேண்டாமே" என்று மனம் நயமாக வாதாடுகிறது. அந்த வேளையில் எழுந்து சென்று ஓடுவது எப்படி? அவ்வாறே, பந்தய நாளன்று பாதி வழியில் கால்கள் கனத்து, நின்றுவிடலாம் என்னும் எண்ணம் எழும்போது தொடர்ந்து செல்வது எப்படி? இவ்விரண்டுமே நாம் இங்கு ஆராயவிருக்கும் பொருள்கள்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று தேவை இருக்கிறது. நம் நாட்டுப் பெருநகரங்களில் நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் ஊர்த் திருவிழாக்களைப் போலாகிவிட்டன. மும்பையில் 2004ஆம் ஆண்டு தொடங்கி, பெரும்பாலும் ஜனவரி மாதத்தில், மாரத்தான் பந்தயம் நடைபெற்று வருகிறது. தில்லியில் 2005 முதல் அரை மாரத்தானும், பெங்களூரில் 2008 முதல் 10 கிலோமீட்டர் ஓட்டமும் நடக்கின்றன. கொல்கத்தாவில் டிசம்பர் மாதத்தில் 25 கிலோமீட்டர் பந்தயம். ஐதராபாத்தில் ஆகஸ்டு மாதத்தில் மாரத்தான். இவற்றில் ஓடுவோரிற் பெரும்பாலோர் தொழில்முறை வீரர் அல்லர். அலுவலகத்திற்கும் தொழிற்சாலைக்கும் சென்று வருகின்ற சாதாரண மக்களே ஆவர்.

அவர்களுள் நம்மவரும் உளர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும், கரோல் பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும், அல்சூரிலும் செகந்திராபாத்திலும் குடியேறி வாழும் தமிழ் மக்கள், பகற்பொழுதைப் பணியிற் செலவிட்டு, எஞ்சிய சிறு பொழுதில் ஓடப் பழகுகின்றனர். சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு இவர்களுக்கு உண்டு. ஊரில் இருந்தால் எழுப்பிவிடத் தாய் இருப்பாள், "என்ன தம்பி, இன்று மைதானத்துப் பக்கம் காணோமே?" என்று கேட்க அடுத்த வீட்டுப் பெரியவர் இருப்பார். அயலூரில் ஓடினாலும் கேட்பாரில்லை, ஓடாவிட்டாலும் கேட்பாரில்லை. கேட்பாரற்ற இடத்தில் தன்னைத் தானே எழுப்பிக்கொள்வது எளிய செயலன்று.

ஊக்கம் வேறு, மடியின்மை வேறு

திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்து மடியின்மை; அதனை அடுத்து ஆள்வினையுடைமை; அதற்கும் அடுத்தது இடுக்கணழியாமை. ஊக்கம் இருந்தால் மற்றவை தாமே வந்துவிடும் என்று கருதி, இவற்றை ஒரே அதிகாரத்தில் வள்ளுவர் அடக்கிவிடவில்லை. உள்ளத்தின் எழுச்சி ஒன்று. சோம்பலுக்கு இடங்கொடாமை மற்றொன்று. முயன்று செய்வது மூன்றாவது. இடையில் வரும் துன்பத்திற்குக் கலங்காமை நான்காவது. நாமோ பெரும்பாலும் இந்நான்கையும் ஒன்றாகக் குழப்பி, "இன்று எனக்கு ஊக்கம் இல்லை; ஆகவே ஓட இயலாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஊக்கம் குன்றிய நாளிலும் சோம்பலை விலக்க இயலும். முயற்சியைத் தொடங்க இயலும். தொடங்கிய பின்னர் ஊக்கம் தானே வந்து சேர்வதும் உண்டு.

இதற்குச் சான்றாகச் செக் நாட்டு வீரர் எமில் ஜாட்டோபெக்கின் வரலாற்றைக் காட்டலாம். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றவர் அவர். அம்மாரத்தானே அவர் ஓடிய முதல் மாரத்தான். இத்தகைய வீரர், தம் முதற் பந்தயத்தில் விரும்பி ஓடியவர் அல்லர். இளமையில் ஜிலின் நகரத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலை பார்த்து வந்தார். அங்கிருந்த விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருநாள் இளைஞர் சிலரைச் சுட்டிக் காட்டி, பந்தயத்தில் ஓடுமாறு பணித்தார். தமக்கு உடல் வலிமை போதாது என்று ஜாட்டோபெக் மறுத்துப் பார்த்தார். மருத்துவரோ சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஓடத் தொடங்கிய பிறகுதான் வெல்லவேண்டும் என்னும் விருப்பம் தமக்குள் எழுந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். ஏறத்தாழ நூறு பேர் ஓடிய அப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்.

விருப்பம் முன்னே வரும், செயல் அதன் பின்னே வரும் என்பதே நம் பொதுவான எண்ணம். செயல் முன்னே செல்ல, விருப்பம் அதன் பின்னே வருவதும் உலக இயல்பே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தயக்கம் எங்கே பிறக்கிறது?

நோயை அறிந்தாலன்றி மருந்து கூற இயலாது. ஆகவே காலைநேரத் தயக்கத்தின் காரணங்களை முதற்கண் காண்போம்.

உறங்கி எழுந்த உடனே மூளை முழுவதும் விழித்துக்கொள்வதில்லை. எழுந்த பின் ஏறக்குறைய 15 முதல் 30 நிமிடம் வரை ஒருவித மந்த நிலை நீடிப்பது யாவருக்கும் இயல்பு. அந்நேரத்தில் நினைவும் தெளிவும் குறைந்தே இருக்கும். அப்போது "இன்று ஓடுவதா, வேண்டாமா?" என்று தீர்மானிப்பது, பாதி உறக்கத்தில் இருக்கும் நீதிபதியிடம் தீர்ப்புக் கேட்பது போன்றதாகும். தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது காரணம், ஓட்டத்தின் தொடக்கத்தில் உடல் படும் பாடு. ஓடத் தொடங்கியவுடன் தசைகளுக்கு மிகுந்த பிராணவாயு தேவைப்படுகிறது. இதயமும் நுரையீரலும் அத்தேவைக்கு ஈடுகொடுக்கச் சிறிது நேரம் ஆகிறது. தசைகளும் குளிர்ந்திருக்கின்றன. ஆகையால் முதற் பத்து நிமிடம் மூச்சு வாங்குவதும் கால்கள் கனப்பதும் உண்டு. பின்னர் இரத்த ஓட்டம் பெருகி உடல் சூடேறியதும், அதே வேகம் எளிதாகத் தோன்றுகிறது. பல ஆண்டுகள் பழகியவர்க்கும் இது நேர்வதே.

மூன்றாவது காரணம், வரப்போகும் இன்பத்தை மனம் குறைத்து மதிப்பிடுவது. கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். தேகப்பயிற்சி செய்யப் போகிறவரிடம், "இதனால் உமக்கு எவ்வளவு மகிழ்ச்சி உண்டாகும்?" என்று முன்னதாகவே கேட்டுக் குறித்துக்கொண்டனர், பயிற்சி முடிந்த பின் உண்மையில் அடைந்த மகிழ்ச்சியையும் கேட்டறிந்தனர். எதிர்பார்த்ததைவிட அடைந்த மகிழ்ச்சியே மிகுதியாக இருந்தது. பயிற்சி என்றவுடன் அதன் துன்பமான தொடக்கமே மனக்கண்முன் நிற்பதுதான் இதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். வாயிற்படியின் உயரத்தைக் கண்டு அஞ்சி, வீட்டுக்குள் இருக்கும் விருந்தை நாம் மறந்துவிடுகிறோம்.

இம்மூன்று காரணங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு வழி புலனாகிறது. முழுத் தூரமும் ஓடுவதாக மனத்திற்கு வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் மட்டும் மெல்ல ஓடுவதாக வாக்குக் கொடுத்தாற் போதும். அதற்குள் உறக்க மயக்கம் தெளிந்துவிடும், உடலும் சூடேறிவிடும். பத்து நிமிடம் கழிந்த பின்னும் உடல் இணங்கவில்லையெனில், குற்ற உணர்ச்சி சிறிதும் இன்றி வீட்டிற்குத் திரும்பலாம். அவ்வாறு திரும்ப நேரும் நாட்கள் மிகச் சிலவே என்பதைப் பழகிப் பார்த்தோர் அறிவர்.

அலுவலகக் களைப்பும் உடற்களைப்பும்

மாலையில் ஓடுவோரின் சிக்கல் சற்று வேறானது. நாள் முழுவதும் கணக்கும் கடிதமும் கணிப்பொறியுமாக இருந்துவிட்டு, நெரிசல் மிகுந்த மின்ரயிலில் நின்றபடியே வீடு திரும்புகிறவர், "கால் எடுத்து வைக்கவே வலுவில்லை" என்று சொல்வதைக் கேட்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் களைத்திருப்பது எது என்பதை ஆராய வேண்டும்.

வேல்ஸ் நாட்டில் பாங்கர் பல்கலைக் கழகத்தில் இதுபற்றி ஒரு பரிசோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினாறு பேரைக் கொண்டு அதனை நடத்தினர். ஒரு நாள் 90 நிமிடம் கணிப்பொறி முன் அமர்ந்து, கவனம் சிறிதும் சிதறாமல் செய்ய வேண்டிய வேலையை அவர்களுக்குக் கொடுத்தனர். மற்றொரு நாள் அதே நேரம் செய்திப்படம் பார்க்கச் செய்தனர். பின்னர் இரு நாட்களிலும் நிலைமிதிவண்டியை இயன்ற வரையில் மிதிக்கச் சொன்னார்கள். மூளைக்கு வேலை கொடுத்த நாளில் அவர்கள் சராசரியாக இரண்டு நிமிடத்திற்குச் சற்றே குறைவான நேரம் முன்னதாகவே நிறுத்திவிட்டனர். அவர்களுடைய இதயமோ தசைகளோ சோர்ந்ததற்கான அறிகுறி ஒன்றும் இல்லை. அதே உழைப்பு, அதிக உழைப்பாக அவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அலுவலகத்திலிருந்து திரும்பியவரின் கால்கள் களைக்கவில்லை. களைப்பைக் கணக்கிடும் மனமே களைத்திருக்கிறது. எனவே அத்தகைய நாளில் கடிகாரத்தோடு போட்டியிடலாகாது. உடன் வருபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய அளவு மெதுவாக ஓடுவதே முறை. கடுமையான பயிற்சியை விடுமுறை நாளின் காலைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

முதல்நாளே முடிவு செய்தல்

பாதி உறக்கத்தில் இருக்கும் நீதிபதியிடம் வழக்கைக் கொண்டுபோகாமல் இருக்க ஒரே வழி, வழக்கை முதல்நாள் இரவே முடித்துவிடுவதாகும். இதன் பயனை இங்கிலாந்தில் நடைபெற்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. 248 மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு ஒன்றும் கூறவில்லை. மற்றொரு பிரிவினர்க்குத் தேகப்பயிற்சியின் நன்மைகளை விரிவாக எடுத்துரைத்தனர். மூன்றாம் பிரிவினரிடம் அந்நன்மைகளைக் கூறியதோடு, அடுத்த வாரத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் பயிற்சி செய்வீர் என்று எழுதித் தரச் சொன்னார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 38 பேரும், இரண்டாம் பிரிவில் 35 பேரும் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவில் பயிற்சி செய்தவர் நூற்றுக்கு 91 பேர்! நன்மையைப் பற்றிய உபதேசம் மட்டும் கேட்டவர், ஒன்றும் கேளாதவரைவிட ஓர் அடியும் முன்னேறவில்லை என்பது கவனத்திற்குரியது.

ஆகவே "நாளை ஓடவேண்டும்" என்று எண்ணுவது போதாது. "நாளைக் காலை ஐந்தரை மணிக்கு, பால் வாங்கிவைத்த உடனே, ஏரிக்கரைப் பாதையில் ஓடுவேன்" என்று திட்டம் வகுக்க வேண்டும். இடையூறுக்கும் முன்னதாகவே விடை காண வேண்டும்: "மழை பெய்தால் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் இருபது நிமிடம் ஏறி இறங்குவேன்." உடையும் காலணியும் தண்ணீர்க் குப்பியும் இரவிலேயே கட்டிலருகில் எடுத்துவைக்கப்படட்டும். காலையில் சிந்திப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாதபடி செய்துவிட்டால், கால்கள் வழக்கம் போலத் தம் வேலையைச் செய்யும்.

அந்த வழக்கம் எத்தனை நாளில் படியும்? லண்டன் நகரில் 96 பேரைக் கொண்டு நடத்தி, முதலில் 2009இலும் பின்னர் 2010ஆம் ஆண்டு இதழிலும் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊன்றுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலர்க்கு 18 நாளே போதியதாயிருந்தது. சிலர்க்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிட்டனர். எனவே மூன்று வாரத்தில் பழக்கம் படியவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. மற்றொன்றையும் அவ்வாய்வு காட்டியது: இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. உடலின் நிலையும் அவ்வாறே. இரண்டொரு நாள் ஓடாமையால் இழக்கும் வலிமை ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்திற்கு மேல் நிறுத்தினால்தான் தளர்ச்சி காணத் தொடங்கும். ஒரு நாள் தவறியதற்காக மனம் நொந்து ஒரு மாதம் விட்டுவிடுவதே கேட்டிற்குக் காரணம். ஒரு நாள் தவறலாம். அடுத்தடுத்து இரு நாள் தவறலாகாது என்று வரையறுத்துக்கொள்வது நலம்.

தொலைவிலுள்ள பயனும் அருகிலுள்ள பயனும்

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையவர் என்று 2023ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு ஒன்று மதிப்பிட்டது. நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் தொழிலுடையோர் ஓடுவதும் நடப்பதும் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இவ்வொரு செய்தியே உணர்த்தும். ஆயினும் இருபது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய நோயின் அச்சம், இன்று காலைப் போர்வையை விலக்கும் ஆற்றல் உடையதன்று. நெடுங்காலப் பயனைக் கருதி மக்கள் ஒரு தீர்மானத்தை மேற்கொள்கின்றனர். ஆனால் அதில் நிலைத்திருப்பவர், அச்செயலிலேயே உடனடி இன்பம் காண்பவர்தாம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017இல் எடுத்துக்காட்டினர்.

ஆகவே அருகிலுள்ள இன்பத்தைத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்க் கப்பன் பூங்காவின் மரநிழல், மும்பைக் கடற்கரைச் சாலையின் காற்று, தில்லி லோதித் தோட்டத்துப் பழங்காலக் கட்டடங்கள், கொல்கத்தா இரவீந்திர சரோவரத்தின் நீர்ப்பரப்பு ஆகியவை காசின்றிக் கிடைக்கும் இன்பங்கள். ஓடி முடித்தபின் அருகிலுள்ள சிற்றுண்டிச் சாலையில் நண்பரோடு அருந்தும் ஒரு குவளைக் காப்பியும் அவ்வகையினதே. வாழவந்த ஊரைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்ப்பவர்க்கு அது அயலூராகவே இருக்கும். அதன் தெருக்களைத் தம் கால்களால் அளந்தவர்க்கோ அது நாளடைவில் தம் ஊராகிவிடும்.

துணையின் வலிமை

மிதிவண்டிப் பந்தயக்காரர் தனியே செல்லும்போது விரைவதைவிடப் பிறரோடு செல்லும்போது மிகுதியாக விரைகின்றனர் என்பதை நார்மன் டிரிப்லெட் என்னும் அமெரிக்க அறிஞர் 1898ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். துணையின் பயன் வேகம் மட்டுமன்று. தெருமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்னும் எண்ணம், நூறு அறிவுரைகளைவிட விரைவாகப் படுக்கையிலிருந்து எழுப்பும். மொழி தெரியாத ஊரில் இது மேலும் ஒரு நன்மை தரும். ஓட்டத்திற்கு இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. இந்தி தெரியாதவரும் வங்காளம் தெரியாதவரும் பூங்காவில் ஓடும் குழுவோடு சேர்ந்து ஒரு மாதம் ஓடினால், பத்துப் பேருக்கு அறிமுகமானவராகிவிடுவர். பேச்சும் தானே வரும்.

குடிபெயர்ந்தோர்க்கு ஓட்டம் எவ்வளவு பெரிய ஆதரவாகும் என்பதற்குப் பௌஜா சிங் என்னும் பஞ்சாபியரின் வாழ்க்கை சான்று. ஜலந்தரை அடுத்த சிற்றூரில் பிறந்து உழவுத் தொழில் செய்தவர் அவர். மனைவியை இழந்தபின் மகனோடு வாழ லண்டனுக்குக் குடியேறினார். 1994ஆம் ஆண்டில் மற்றொரு மகன் விபத்தில் மாண்டதைக் கண்ட துயரம் அவரை விடாது வாட்டியது. அத்துயரை ஆற்றிக்கொள்ளவே ஓடத் தொடங்கி, ஒரு பயிற்சியாளரின் துணையையும் சக ஓட்டக்காரரின் கூட்டுறவையும் பெற்றார். 2000ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில், லண்டன் மாரத்தானை ஓடி முடித்தார்; 2011ஆம் ஆண்டில் டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்தபோது அவருக்கு வயது 100 என்பது அவருடைய கடவுச்சீட்டின் கணக்கு. பிறப்புச் சான்றிதழ் இன்மையால் சாதனை நூலில் அது இடம்பெறவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தம் சொந்த ஊரில் ஒரு சாலை விபத்தில் அவர் மறைந்தார். எழுந்திருக்கவே மனமில்லாத நாட்கள் அம்முதியவர்க்கு எத்தனை இருந்திருக்க வேண்டும்! அந்நாட்களில் வாயிலுக்கு வெளியே துணையிருந்தது என்பதை மறத்தலாகாது.

ஓடக் கூடாத நாட்கள்

தயக்கம் யாவும் சோம்பல் அன்று. சில வேளைகளில் உடல் கூறும் எச்சரிக்கையும் தயக்கத்தின் வடிவிலேயே வரும். இரண்டையும் பிரித்தறியும் அறிவு வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது. இதயத்திற்குக் கேடு விளையக்கூடும். சளி மூக்களவில் நின்றால் மெல்ல ஓடலாம். மார்பில் இறங்கியிருந்தால் ஓய்வே மருந்து. மார்பில் வலி, தலைச்சுற்றல், நடையையே மாற்றிவிடும் மூட்டு வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைக் காண வேண்டும். காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பை எண்ணிப் பார்த்து, வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், உடல் இன்னும் தேறவில்லை என்று கொள்ளலாம்.

ஊரும் பருவமும் கூடச் சில நாட்களில் தடை விதிக்கும். ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு ஏழெட்டு லிட்டர் காற்றை உட்கொள்ளும் நாம், விரைந்து ஓடும்போது அதைப்போல் பத்து மடங்கு உட்கொள்கிறோம். எனவே நவம்பர் மாதத்துத் தில்லியில் காற்றுத் தர எண் 300ஐக் கடந்து "மிக மோசம்" என்னும் நிலையை எட்டிய நாளில், வெளியே ஓடுவது வீரமாகாது. வீட்டினுள் பயிற்சி செய்வதே அறிவுடைமை. கொல்கத்தாவிலும் மும்பையிலும் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் வியர்வை உலராது. உடலின் வெப்பம் தணியாது. அப்போது வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். புதிதாக வெப்ப ஊருக்கு வந்தவர்க்கு உடல் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். மழையோ எனின், இடியும் மின்னலும் வெள்ளமும் இல்லாதவரை தடையாகாது. நனைவதற்கு அஞ்சுவது முதல் இரண்டு நிமிடம் மட்டுமே.

பந்தய நாளன்று

பல மாதம் பழகியவர்க்கும் பந்தய நாள் விடியும்போது ஓடவேண்டாம் என்னும் எண்ணம் தோன்றுவதுண்டு. இதயம் படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. இவை அச்சத்தின் அறிகுறிகளே ஆயினும், ஆர்வத்தின் அறிகுறிகளும் இவையே. உடல் உழைப்பிற்கு ஆயத்தமாகிறது என்று கொண்டால் பாதி அச்சம் நீங்கும். அன்று புதிய காலணி அணிதலும், பழகாத உணவு உண்ணுதலும் ஆகா. இட்டலிக்கும் வாழைப்பழத்திற்கும் பழகிய வயிற்றுக்கு அவையே ஏற்றவை.

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். இதனை ஒரே தூரமாக எண்ணினால் மலைப்பே மிஞ்சும். அடுத்த தண்ணீர்ப் பந்தல், அடுத்த பாலம், அடுத்த மைல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்தபின் தசைகளில் சேர்த்துவைத்த சர்க்கரைப் பொருள் குறைந்துவிடுவதால், திடீரென்று வலுவெல்லாம் வடிந்தது போலத் தோன்றும். இது எல்லோர்க்கும் வரக்கூடியது என்பதை அறிந்தவர் கலங்கார். தொடக்கத்தில் வேகத்தை அடக்குவதும், களைப்பு வருமுன்னரே இனிப்பான உணவைச் சிறிது சிறிதாக உட்கொள்வதும் இதனைத் தள்ளிப்போடும் வழிகள். மும்பையில் பல ஆண்டுகளாகப் பெடர் சாலை ஏற்றத்தைப் பந்தயத்தின் பிற்பகுதியிற் கடந்தவர்கள், அவ்வேற்றத்தைத் தொலைவிலிருந்து நோக்காமல் தம் காலடியை மட்டும் நோக்கி ஏறுவதே சிறந்தது என்பர்.

அவ்வேளையில் நாம் நமக்குள்ளே பேசிக்கொள்ளும் சொற்களுக்கும் வலிமை உண்டு. ஊக்கமூட்டும் சொற்களை முன்னதாகவே தேர்ந்து பழகியவர்கள், முன்பைவிட நூற்றுக்கு 18 பங்கு அதிக நேரம் தாக்குப்பிடித்ததாக 2014ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனை கூறுகிறது. அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் பேசுபவர்க்கும், மூச்சுத் திணறும் வேளையில் உள்ளே ஒலிப்பது தாய்மொழியாகவே இருத்தல் கூடும். "இன்னும் கொஞ்சம்", "அந்த மரம் வரைக்கும்" என்பன போன்ற எளிய சொற்களே போதும்.

இறுதியாக, முடித்தல் என்பதன் பெருமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் தான்சானியா நாட்டு ஜான் ஸ்டீபன் அக்வாரி ஓடினார். கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் மிகுந்த உயரத்திலுள்ள ஊர் அது. வழியில் விழுந்து முழங்காலில் காயமுற்ற அவர், கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். வென்றவர் வந்து ஒரு மணி நேரத்திற்கு மேலானபின், பார்வையாளரிற் பெரும்பாலோர் கலைந்துவிட்ட அரங்கிற்குள் இறுதி ஆளாக நொண்டியபடி வந்து சேர்ந்தார். காயத்தோடு ஓடுவது எல்லோர்க்கும் தகும் என்று நாம் கூறவில்லை. அதற்கு மாறாகவே மேலே கூறினோம். அவர் தம் நிலையைத் தாமே எடைபோட்டுத் துணிந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1970ஆம் ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியின் மாரத்தானில் அவரே ஐந்தாவதாக வந்தார் என்பதையும் சேர்த்து நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு தீய நாள் ஒருவரின் அளவை முடிவு கட்டிவிடுவதில்லை.

நேயர்களே, ஓடுவதற்கு உகந்த நாள் வரும் என்று காத்திருப்போர்க்கு அந்நாள் ஆண்டில் சில முறையே வரும். எஞ்சிய நாட்களை உகந்த நாட்களாக ஆக்கிக்கொள்வது நம் கையில் உள்ளது. இன்றிரவு காலணியை எடுத்துவையுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடன்வரும் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். நாளைக் காலை கால்கள் மறுத்தால் அவற்றோடு வாதாட வேண்டாம். பத்து நிமிடம் மட்டும் கேட்டுப் பெறுங்கள்.